திருப்பி மாட்டிய பில்டர்

பெட்ரோல் பில்டர் என்பது கட்டைவிரல் பருமனில் ஒரு பிளாஸ்டிக் குப்பி. பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே ரப்பர் குழாயில் மாட்டியிருக்கும். பெட்ரோல் போகும் திசையைக் காட்ட அதன் மேல் ஓர் அம்புக்குறி போட்டிருப்பார்கள். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். புரிந்தும் நான் செய்த காரியத்தைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். காரைக்காலில் அரசாங்க குமாஸ்தாவாக இருந்தேன். கைமாறி வந்த பழைய கார் ஒன்று என்னிடம் இருந்தது. எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் பெட்ரோல் விலை கூடும் என்பதால், எங்கள் ஊரில் வெளியூர் கிளம்புகிறவர்கள் தகர டின்னில் பெட்ரோலை நிரப்பி டிக்கியில் வைத்துக்கொள்வார்கள். என் டின் உள்ளே துருப்பிடித்திருந்தது. அந்தத் துரு டேங்கில் இறங்கி, வண்டி அடிக்கடி நின்று மானத்தை வாங்கியது. திருமலைராயன்பட்டினத்தில் பட்டறை வைத்திருந்த பாய்தான் பில்டரை மாட்டிக் கொடுத்தார்.

“கறுத்துப்போச்சுன்னா கழட்டி ஊதாதீங்க சார். வண்டியக் கொண்டாங்க, புதுசு மாட்டித் தர்றேன்” என்றார்.

புதுசு விற்கப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது என் புத்தி அப்படி.

அடுத்த வீட்டில் ஒரு பெரியம்மா இருந்தார். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து காலமானவர். ஒரே மகனும் அங்கே சொல்தா ஆகிவிட்டான். அவன் லீவில் வந்து திரும்பும்போதெல்லாம் பெரியம்மா பஸ் ஸ்டாண்டோடு நின்றுவிடுவார். இந்த முறை மகன், அடுத்த லீவுக்கு மூன்று வருஷம் ஆகும் என்று சொல்லிவிட்டான். ஒரு தடவையாவது அவன் விமானம் ஏறுவதைப் பார்க்க வேண்டும் என்று பெரியம்மா ஆசைப்பட்டார். “மெட்ராஸ்தானே, நான் கூட்டிட்டுப் போறேன்” என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் வெள்ளிக்கிழமை. பானெட்டைத் திறந்தால் பில்டர் கறுத்திருந்தது. பாய் பட்டறைக்கு அன்று விடுமுறை. வீட்டுக்கே போய்க் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார். எனக்குத்தான் சோம்பல். பில்டரைக் கழற்றி, வாயால் ஊதி, துடைத்து மாட்டினேன். அம்புக்குறி கண்ணில் படவில்லை என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். மாட்டி முடித்தபின் பார்த்தேன். அது பம்பைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கிளிப்பை முறுக்கிவிட்டேனே, இனி யார் கழற்றுவது, இதில் என்ன வந்துவிடப்போகிறது என்று பானெட்டை மூடினேன்.

சீர்காழி தாண்டியதும் வினை வந்தது. பில்டரில் இத்தனை நாள் தேங்கிய துருவெல்லாம் கார்புரேட்டருக்குள் போய் அடைத்துக்கொண்டது. வண்டி இரண்டு முறை குலுங்கி நின்றது. என்ன செய்தும் கிளம்பவில்லை. பெரியம்மா பட்டுப்புடவையில், மடியில் புளியோதரைத் தூக்கோடு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வியர்த்தான். நடுரோட்டில் நின்று கையைக் காட்டினேன். மெட்ராஸ் போகும் கார் ஒன்று நின்றது. அதில் ஒரு இடம்தான் இருந்தது.

பெரியம்மா இறங்கித் தூக்கை மகன் கையில் கொடுத்தார். அவன் நெற்றியைத் தொட்டார். அவ்வளவுதான், கார் போய்விட்டது.

“என்ன தம்பி ஆச்சு வண்டிக்கு?” என்று கேட்டார்.

“பாய் பில்டரச் சரியா மாட்டல பெரியம்மா” என்றேன். யோசிக்கக்கூட இல்லை, வாயில் தயாராக இருந்ததுபோல் வந்துவிட்டது.

பஸ்ஸில் ஊர் திரும்பினோம். மறுநாள் பாயை அழைத்துக்கொண்டு வண்டி நின்ற இடத்துக்குப் போனேன். அவர் பானெட்டைத் திறந்து அம்புக்குறியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, புது பில்டரை மாட்டினார். ஏதாவது கேட்டிருக்கலாம் என்று இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. அவர் மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

தெருவுக்குள் வண்டி நுழைந்ததும் பெரியம்மா வாசலுக்கு வந்துவிட்டார்.

“ஏம்பா, ஒரு வேலையைச் செஞ்சா ஒழுங்கா செய்யக்கூடாதா? எம்புள்ளையப் பாக்க விடாமப் பண்ணிட்டியே!” என்று பாயிடம் அழுதார்.

பாய் என் முகத்தைப் பார்த்தார். நான் சாவிக்கொத்தைப் பார்த்தேன்.

“தப்புதாம்மா. மன்னிச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டு, அவர் பஸ்ஸுக்கு நடந்தார்.

அதன்பின் பிரான்சிலிருந்து பார்சல் வரும்போதெல்லாம் பெரியம்மா எனக்கு ஒரு சாக்லெட் கட்டி எடுத்து வைப்பார். “அன்னைக்கு நீ அந்த மெட்ராஸ் காரை நிறுத்தலேன்னா அவன் வேலையே போயிருக்கும் தம்பி” என்பார். வாங்கித் தின்றேன். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன், சாக்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்று விட்டுவிடுவேன்.

மூன்றாம் வருஷம், மகன் வருவதற்கு இரண்டு மாதம் முன்பு பெரியம்மா இறந்துபோனார்.

அவன் வந்து சடங்கெல்லாம் முடித்துத் திரும்பும்போது, மெட்ராசுக்கு நானே காரில் கொண்டுபோய் விட்டேன். வண்டி எங்கும் நிற்கவில்லை. பெட்டியை இறக்கிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணே, அந்த பாய்கிட்ட மட்டும் வண்டிய விட்டுடாதீங்க. அம்மா லெட்டருக்கு லெட்டர் அதத்தான் எழுதுவாங்க” என்றான்.

“சரி தம்பி” என்றேன்.