மங்கு கவிழ்த்த வருஷங்கள்

மருத்துவச்சி வேலையில் பிள்ளையைக் கையில் வாங்குவது சுலபம், பிள்ளை வேண்டாம் என்று வருகிறவளிடம் பேசுவதுதான் கஷ்டம். இதே வேலை பார்த்து நொந்துபோன உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில், சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டத்தில், எனக்கு அந்தக் கஷ்டம்தான் ஜாஸ்தி.

மரத்து மங்கு

அப்போது பால்வெட்டு நின்றுபோயிருந்தது. ரப்பர் பால் வடிகிற கிண்ணங்களை, அதுதான் மங்கு, மரத்துக்கு மரம் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். ஜெராய் மலையிலிருந்து மூட்டம் இறங்கும்போது காடு தூங்குகிறதா, கிழங்கு தின்ற மயக்கத்தில் நான்தான் தூங்குகிறேனா என்றே தெரியாது.

தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தில் அஞ்சலை என்று ஒருத்தி. முதல் பிள்ளை இறந்தே பிறந்தது. ரத்தம் நிற்காமல் அவளும் சாவு வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பினாள். இன்னொன்று உண்டானால் உயிர் தங்காது என்று அவள் புருஷன் தங்கராசுவை உட்காரவைத்து மிரட்டி அனுப்பினேன். ஒரு வருஷம் போனது. எப்படிடி சமாளிக்கிறீர்கள் என்று கேட்டேன். மங்கைக் கவிழ்த்து விடுகிறோம் என்றாள். தோட்டமே கவிழ்த்து வைத்திருக்கிறது, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிடுசிடுத்தேன். கடைசி நேரத்தில் புருஷன் விலகிக்கொள்வதற்கு லயத்துப் பொம்பளைகள் வைத்த பேராம் அது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்:

"மரத்து மங்கு இல்லக்கா, எங்க வீட்டு மங்கு."

பாக்கியத்தின் சந்தோஷம்

அதற்கப்புறம் குழாயடியில் காதைத் தீட்டிக்கொண்டேன். ஒருத்திக்கு மார்பு வற்றிப்போயிருந்தது, இன்னொன்று பிறந்தால் எதைக் கொடுப்பது என்ற பயம். இன்னொருத்தி, மனுஷன் விலக மறந்துவிடுவானோ என்று கட்டையாய்க் கிடப்பாளாம். இதில் என்ன சுகம் இருக்கிறது என்று என்மேல் பாய்ந்தாள், ஏதோ நான் கண்டுபிடித்துக் கொடுத்த மாதிரி.

நாலு பிள்ளை பெற்ற பாக்கியம் மட்டும் வேறு மாதிரி. அவள் புருஷன் முன்பெல்லாம் கள்ளு வாடையோடு வந்து விழுந்து, உடனே குறட்டை விடுகிற ஆளாம். இப்போது மங்கைக் கவிழ்க்க இவள் போதும் என்று சொல்லும்வரை காத்திருக்க வேண்டுமல்லவா? கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, எங்கோ மிதக்கிறவள் போலச் சொன்னாள்:

"பதினோரு வருஷத்துல இப்பதான்க்கா அந்த மனுஷன் எம் மூஞ்சியப் பாக்குறாரு."

நாலு நாள்

சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்தான். தங்கராசு பேரும் வந்தது. நாலு நாளில் லாரி.

அஞ்சலை பட்டப்பகலில் வந்து என் எதிரே உட்கார்ந்தாள். இந்த நாலு நாளும் கவிழ்க்கப்போவதில்லை என்றாள். செத்துத் தொலைவாய் என்று கத்தினேன். வெளியே ரப்பர் இலை ஒவ்வொன்றாய்ச் சுழன்று சுழன்று இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள். எனக்கு அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது.

"அவரு திரும்பலைன்னா, அவரு ஜாடையில ஒண்ணு எங்கிட்ட இருக்கட்டும்க்கா."

கேட்ட பேச்சு

லாரி போய்விட்டது. அந்த மாதம் முடிவதற்குள் அஞ்சலை தலைக்குக் குளித்துவிட்டு, ஈர முடியோடு வந்து நின்றாள். ஒன்றும் தங்கவில்லை. நாலு நாளும் அவள் கெஞ்சியிருக்கிறாள், இறுக்கிப் பிடித்திருக்கிறாள்; தங்கராசு ஒவ்வொரு தடவையும் விலகிவிட்டாராம். நீ உயிரோடு இருந்தால் எனக்குப் போதும் என்றாராம். எனக்கு நிம்மதியாக இருந்தது, அதைக் காட்டிக்கொள்ளாமல் துண்டை எடுத்து அவள் முடியைத் துவட்டினேன்.

ஜப்பான்காரன் போனான். சயாமிலிருந்து சில பேர் எலும்பும் தோலுமாய்த் திரும்பினார்கள். தங்கராசு வரவில்லை. அஞ்சலை மறுபடி கட்டிக்கொள்ளவில்லை, நன்றாகத்தான் இருந்தாள், தனியாக. ஒரே ஒரு தடவை, கோபமே இல்லாமல், என்னிடம் சொன்னாள்:

"அவரு உங்க பேச்சைத்தான்க்கா கேட்டாரு, எம் பேச்சைக் கேக்கல."

இத்தனை வருஷத்தில் நான் சொன்னதை அப்படியே கேட்டு நடந்த ஒரே ஆம்பிளை தங்கராசுதான், அவராவது கேட்காமல் இருந்திருக்கலாம்.