பம்ப் நின்றபின் லீவர்: மேலே

நான்கு மாதங்களுக்குப் பிறகு அன்று காலைதான் ஆபரேட்டர் பம்ப் அறைக்குள் கால் வைத்தார். அதுவும் விசாரணைக்கு ஆளானவராக. மின்சாரம் நின்ற ஒரு நண்பகலில், மேட்டுத் தொட்டிக்கு ஏறிக்கொண்டிருந்த நீர் குழாய் வழியே திரும்பிப் பாய்ந்து, பம்பை எதிர்த்திசையில் சுழற்றி, அதன் தண்டை முறித்துவிட்டது. கை வால்வை உடனே மூடாமல் அசட்டையாக இருந்தார் என்பது அவர்மேல் சாட்டப்பட்ட குற்றம். இன்று அது உறுதியானால் பத்தொன்பது வருட வேலை போய்விடும்.

கூலியாளாகச் சேர்ந்து, கழித்துப் போட்ட வால்வுகளைப் பிரித்துப் பிரித்தே தொழில் கற்றவர் அவர். எதை எழுதினாலும் அடியில் நீலக் கார்பன் தாள் வைத்து ஒரு நகல் எடுத்துக்கொள்வார். "இந்தக் காகிதத்துக்குத் தனியா ஒரு கட்டில் வாங்கிடுங்க, நாங்க தரையில படுத்துக்கறோம்" என்பாள் மனைவி. ஆனால் இன்று நகல்கள் இருந்த பையின் அறுந்த வாரைத் தைத்துக் கொடுத்தவளும் அவளே.

"வாங்க நகல்காரரே, மூட்டை முடிச்சோட கிளம்பிட்டீங்க போல" என்று வரவேற்றார் அவருடைய மேலதிகாரியான பொறியாளர்.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி அம்மையார் சிரிக்கவில்லை. "கை வால்வை ஏன் மூடல?"

"மூடத்தான் ஓடினேன் மேடம். அதுக்கு நாப்பத்திரண்டு சுத்து சுத்தணும். தண்ணி திரும்ப நாலு செகண்டு போதும். அதனாலதான் தண்ணி திரும்பாம தடுக்க செக் வால்வே வெச்சிருக்கு."

"அது நல்லாத்தான் இருக்கு" என்றார் பொறியாளர். "இப்பவே பம்பை நிறுத்திப் பாருங்க."

நிறுத்தினார்கள். குழாயின் இரைச்சல் தளர்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆபரேட்டரின் உதடுகள் எண்ணின. வால்வின் பக்கவாட்டில் மேலே தூக்கி நின்ற இரும்பு லீவர் சட்டென்று விழுந்தது. இடி விழுந்தாற்போல் ஓர் ஓசை. அம்மையாரின் பேனா கைநழுவியது.

"என்னய்யா இது!"

"உள்ளே வட்டமா ஒரு மூடி, கதவு மாதிரி மேல் கீல்ல தொங்குது மேடம். போற தண்ணி அதைத் தூக்கிட்டுப் போகும். தண்ணி நின்னா தானா விழுந்து வழியை அடைச்சிடும். மூடி ஏறினா வெளியே லீவரும் ஏறும், விழுந்தா விழும். இங்க மூடி கொஞ்சம் தாமதமா விழுது; அதுக்குள்ள தண்ணி திரும்பி அதை அறைஞ்சு சாத்துது. லீவர்ல எடை கூட்டினா மூடி சீக்கிரம் விழும், சத்தம் குறையும்னு எழுதிக் கொடுத்தேன். நகல் இருக்கு."

எடை கூட்டவில்லை. சுவருக்கு அப்பால் பொறியாளரின் குடியிருப்பு; ஓசை அவர் குடும்பத்தின் நிம்மதியைக் கெடுத்தது. ஒருநாள் ஃபிட்டரை அழைத்து, லீவரைத் தூக்கியபடியே கம்பியால் கட்டச் செய்தார். "கரண்ட் போனா தண்ணி மொத்தமா இறங்கிடும் சார்" என்று ஆபரேட்டர் மன்றாடினார். "இன்ஜினியர் நீயா நானா?" என்பதே பதில். அதன்பின் ஒவ்வொரு முறையும் கை வால்வை மூடிவிட்டுத்தான் பம்பை நிறுத்தினார். சொல்லாமல் போன மின்சாரம் அந்த அவகாசத்தைத் தரவில்லை. விபத்தன்று மாலைக்குள் கம்பி மாயமாகிவிட்டது. ஃபிட்டரோ இவரைக் கண்டாலே வேறு வழியாகப் போனார்.

தண்டு முறிந்தபோது அறையில் புகுந்த நீரில் பதிவேடு ஊறி அழிந்ததாகப் பொறியாளர் அறிக்கை தந்திருந்தார். ஆபரேட்டர் பையைத் திறந்தார். உள்ளிருந்த கட்டின் முடிச்சை அவிழ்த்துத் தாள்களை நீட்டினார்.

"பதிவேட்டோட கார்பன் நகல் மேடம். கடைசிக் கட்டம் நானா கோடு போட்டது. பம்ப் நின்ன பிறகு லீவர் எங்க இருக்குன்னு."

கீழே. கீழே. கீழே. மூன்று வருடம் அதே சொல். பிறகு பதினொரு நாள்: மேலே. அம்மையார் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இதெல்லாம் பின்னாடி உட்கார்ந்து எழுதினது" என்று குறுக்கிட்டார் பொறியாளர்.

"அடியில இருக்கற கையெழுத்தும் கார்பன்ல விழுந்ததுதான் சார். உங்களோடது."

பொறியாளர் தாளை வாங்கிப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. "தினம் அம்பது காகிதம் வருது மேடம். எல்லாத்தையும் படிச்சுட்டா போட முடியும்?"

"தண்ணி நின்ன பிறகும் லீவர் மேலேயே நின்னா யாரோ கட்டி வெச்சிருக்கணும். பதினொரு நாள் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. படிக்காம போட்டீங்களா, படிச்சுட்டுச் சும்மா இருந்தீங்களா? ரெண்டுல ஒண்ணை எழுதிக் கொடுங்க."

பொறியாளர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அம்மையார் தாள்களை அடுக்கித் தம் பக்கம் இழுத்தார். மறுமுனையை ஆபரேட்டர் விடவில்லை.

"என்னங்க?"

"ரசீது மேடம்."

முதன்முறையாக அம்மையார் சிரித்தார். "எழுதித் தர்றேன். உங்க மேல குற்றம் நிக்காது. நாளைக்கே டியூட்டிக்கு வந்துடுங்க."

"ரொம்ப நன்றி மேடம்" என்றார் ஆபரேட்டர். பையில் துழாவி ஒரு நீலத் தாளை எடுத்து நீட்டினார். "அதையும் ரசீதிலேயே எழுதிடுங்க. அடியில இதை வெச்சு."