டெய்லரக்காவுக்கு எடுத்த அளவு

எங்கள் தெரு டெய்லரக்கா யாரையும் வந்தவுடன் அளவெடுக்க மாட்டார். நாடாவைக் கண்டதும் எல்லோரும் வயிற்றை எக்கிக்கொள்வார்கள். அந்த அளவில் தைத்தால் சாப்பிட்டு எழும்போது தையல் பிரிந்துவிடும். அதனால் ஊர்க்கதை பேசி, ஆளை மூச்சுவிட வைத்துத்தான் நாடாவை எடுப்பார். பக்கத்தில் பட்டனும் ஜிப்பும் விற்கும் எனக்கே இது தெரியும். நலத்துறையிலிருந்து வந்த மெத்தப் படித்த பெண்ணுக்குத்தான் தெரியவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் பஸ் ஓட்டியவர். மறதி நோய் வந்து நாலு வருஷம். காலையில் டிப்போவுக்குப் போகணும் என்று கிளம்புவார்; கதவைப் பூட்டினால் அடிப்பார். கடைக்குப் பின்னாலேயே வீடு. ஒரு காது அவரிடம், ஒரு கண் ஊசியில் என்று அக்கா தைப்பார். வீட்டுக்காரருடைய அண்ணன் மாதம் ஒருமுறை அக்காவுக்குப் போன் செய்து, "நீ இரும்பும்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். இரும்பு என்று சொல்லிவிட்டால் வந்து கைகொடுக்க வேண்டியதில்லை, பாருங்கள்!

நலத்துறை ஒரு பகல்நேர இல்லம் திறந்தது. இப்படிப்பட்டவர்களை வாரம் இரண்டு நாள் பார்த்துக்கொள்வார்களாம். இருப்பது பன்னிரண்டு இடம். யாருக்குக் கொடுப்பது? வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களின் சுமையையும் தாங்கும் திறனையும் அளந்து, மதிப்பெண் போட்டு முடிவு செய்வார்களாம். அந்த இரண்டு நாளுக்காக அக்கா ஏங்கிக் கிடந்தார்.

நான் ஜிப் கொடுக்கப் போயிருந்தபோதுதான் அந்த நலத்துறைப் பெண் வந்து அக்காவிடம் கேள்வி கேட்டாள். வீட்டுக்காரர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அவரையும் இன்னொரு நாற்காலியாகத்தான் நினைத்தாள் அவள்.

"உங்க வீட்டுக்காரரால உங்களுக்குக் கஷ்டமா இருக்கா? ஒருபோதும் இல்ல, எப்பவாவது, அடிக்கடி, எப்பவும். இதுல எது?"

பல நாளாக மனைவியை யாரென்றே தெரியாமல் இருந்த மனிதர், சட்டென்று திரும்பினார்.

"நான் உனக்குக் கஷ்டம் குடுக்குறேனா?"

"சேச்சே, யாருங்க சொன்னது?" என்றார் அக்கா. பிறகு அந்தப் பெண்ணிடம், "ஒருபோதும் இல்ல. எழுதிக்கம்மா."

மீதிக் கேள்விகளுக்கும் அதே பதில்தான். அந்தப் பெண் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி எழுதிக்கொண்டாள். புழுங்கும் வெயிலில் அக்கா ஏன் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டிருக்கிறார் என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. அது கேள்வித்தாளில் இல்லையே!

கடிதம் வந்தது. தாங்கும் திறன் மிக அதிகம், சுமை மிகக் குறைவு, இடம் இல்லை. கூடவே ஒரு பாராட்டுச் சான்றிதழ். அண்ணன்காரர் அதைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட, கைதட்டும் படங்கள் வந்து குவிந்தன. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், "உன்னாலதான்க்கா இது முடியும்" என்று நானும் சொன்னேன்.

மறுநாள் அக்கா வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு நலத்துறைக்குப் போனார். துணைக்கு நானும் போனேன்.

"நல்ல மார்க் வாங்கிட்டு வருத்தப்படுற மொத ஆள் நீங்கதாம்மா" என்று சிரித்தார் அதிகாரி.

"மூச்சை இழுத்துப் பிடிச்சவளுக்கு எடுத்த அளவு சார் இது. மறுபடி எடுங்க. அவரை வச்சுக்கிட்டு கேக்கக் கூடாது."

"ஆறு மாசத்துக்கு ஒருதடவைதாம்மா எடுப்போம். விதி அப்படி."

அதற்குள் வீட்டுக்காரர் எழுந்துபோய் அதிகாரியின் தோளைப் பிடித்தார். "டிரைவர் சீட்டுல யாருய்யா நீ? எந்திரி!" பத்து நிமிஷம் விடவில்லை. விதி வளைந்தது.

அந்தப் பெண் மறுபடி வந்தாள். அக்கா பேசி முடிக்கும்வரை வீட்டுக்காரரை என் கடையில் வைத்துக்கொள்வதாகச் சொன்னேன். அரை மணி நேரம்தானே என்ற திமிர் எனக்கு. மூன்று பெட்டிப் பட்டனைத் தரையில் கொட்டினார். என்னை இறங்கச் சொல்லிக் கத்தினார். ரோட்டுக்கு ஓடியவரைக் கையைப் பிடித்து இழுத்தேன்; முகத்தில் ஒன்று விட்டார். என் கடையில் உட்கார்ந்து நான் அழுதேன். நாலு வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். கெட்டிக்காரி!

அந்தப் பெண் வெளியே வந்தபோது அவள் கண்ணும் சிவந்திருந்தது. "திங்கக்கெழமையிலேர்ந்து வண்டி அனுப்பச் சொல்றேன்க்கா" என்றாள். பின்னால் அக்கா வந்தார், சட்டைக்கையை முழங்கை வரை மடித்துவிட்டு. மணிக்கட்டிலிருந்து மேலே கன்றிக் கிடந்தது.

வீட்டுக்காரர் அந்தக் கையையே பார்த்தார். மெல்லத் தொட்டார்.

"யாரும்மா உன்னை அடிச்சது?"

அக்கா மூச்சை இழுத்துப் பிடித்தார். சட்டைக்கையை இறக்கிப் பட்டனைப் போட்டார்.

"யாரும் இல்லைங்க. மெஷின்ல இடிச்சுக்கிட்டேன்."