ஒன்பது நொடிக் கொலை

நான் சொல்வது நடந்தது. பீளமேட்டில், என் வீட்டு மாடியறையில், பட்டப்பகலில்.

பிலிம் ஒரே இடத்தில் அறுந்துகொண்டே இருந்தது. ஏன் என்று பிடிபடவில்லை.

அது ஆரம்பகாலப் பேசும்படம். கொலைக் கதை, ஒரு பாட்டுகூடக் கிடையாது. வந்த வேகத்தில் தியேட்டரை விட்டுப் போனது. அதனாலேயே பழைய படம் சேர்க்கும் எங்களுக்கு அதன்மேல் அத்தனை ஆசை. எங்களுக்குத் தெரிந்து மிஞ்சியிருப்பது இந்த ஒரு பிரதிதான். வெள்ளகோவில் செவ்வந்தியக்கா கொடுத்தது. அவருடைய அப்பா டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவர்.

படத்தின் உயிரே அந்தக் கொலைக்காட்சிதான். ஒன்பது நொடி. நொடிக்கு இருபத்துநான்கு படக்கட்டங்கள். அறுந்த முனைகளை வெட்டி ஒட்டும்போது இரண்டு கட்டமாவது போய்விடும். இப்படியே போனால் காட்சியே மிஞ்சாது.

மதியம் 2.10. ஜன்னலை மூடிவிட்டு ஓட்டினேன். புரொஜெக்டர் கடகடவென்று ஓடியது. திரையில் கொலையாகப்போகும் பெண் முதுகைக் காட்டி நின்றாள். பின்னாலிருந்து கயிற்றோடு ஒரு கை வந்தது...

பட்.

பிலிமை இழுக்கும் பல்சக்கரம் சரியாக இருந்தது. பிலிமின் ஓரத் துளைகளும் சரி. ஒட்டினேன்.

2.35. இம்முறை அவள் காது தெரிந்தது... பட்.

2.50. கன்னம்... பட்.

3.05. ஒரு கண்.

என்னைப் பார்த்தது.

பட்.

வெட்டிய கட்டங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் முதுகுதான்.

செவ்வந்தியக்காவுக்குப் போன் செய்து, ஓட்டும்போது பிலிம் அறுவதைச் சொன்னேன்.

"ஓட்டவா செஞ்சீங்க?" என்றார். "சேத்து வெக்கறவங்க ஆரும் ஓட்டறதில்லீன்னு நெனச்சுத்தானே குடுத்தேன். பீரோவுல வெச்சு அழகு பாக்க வேண்டீதுதானே."

"அக்கா, அந்தப் பொம்பள..."

"ஒரு கண்ணு தெரிஞ்சுதுங்களா, ரெண்டுமா?"

"ஒண்ணுதானுங்க."

"செரி. அந்த எடம் வந்தா லென்ஸ உள்ளங்கையில மூடிக்கோணுங் தம்பி. எங்கப்பா மூட மறந்தது ஒரே ஒரு நாளுதான். அன்னைக்கு புரொஜெக்டர் பக்கத்துலயே உக்காந்தாப்பல போயிட்டாரு."

லென்ஸ் இருப்பது பிலிமுக்கு முன்னால், தனியாக. அதை மூடுவதால் பிலிமின் இழுவை மயிரிழைகூட மாறாது. மூடியிருப்பது பிலிமுக்குத் தெரிய வழியே இல்லை.

3.40. மூடினேன்.

ஒன்பது நொடி... ஓடிக்கொண்டே இருந்தது.

இனி அந்தக் காட்சியை யாரும் பார்க்க முடியாது. நானும்தான்.

ஆனால் மூடினால் அறுவதில்லை.