கமலா கொட்டாத போத்தல்

கிளினிக்கில் ஒரு கைக்குழந்தையைத் தராசில் படுக்க வைத்திருந்தபோது கைபேசி அடித்தது. மறுமுனையில் மாணிக்கம். "மிஸ்ஸி, டீச்சர் போயிருச்சுங்க" என்றார். கட்டிய மனைவியை அவர் ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை, டீச்சர்தான். காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாளாம். முச்சக்கர வண்டி லயத்து வரிசை வீட்டு வாசலுக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது. குழந்தையைத் தாயின் கையில் கொடுத்தேன். எடையைக் குறித்தேனா இல்லையா என்று இன்றுவரை நினைவில்லை.

கமலேஸ்வரி எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவின் பொறுப்பாளர். ரப்பர் பால் வெட்டப் போகும் பெண்கள் விட்டுச்செல்லும் பிள்ளைகளை அவள்தான் பார்த்துக்கொண்டாள். நான் அதே தோட்டத்தில் மருத்துவிச்சி. தெஹியோவிட்டப் பக்கம் அவளைத் தெரியாதவர்கள் குறைவு. அதனால்தான் சாவு வீட்டு வாசலில் கட்டியிருந்த பதாகையைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'பணிவும் சாந்தமும் நிறைந்தவர்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். யாரைச் சொல்கிறார்கள்? கமலாவுக்குப் பணிவு என்றால் என்னவென்றே தெரியாது. தெரிந்துகொள்ள அவள் ஆசைப்பட்டதும் இல்லை. அவளை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். செத்துப்போனாள் என்பதற்காக அவளை நல்ல பிள்ளை ஆக்கிவிடாதீர்கள்.

அந்த மீன்தொட்டி வந்ததே ஒரு வீம்பில்தான். தோட்டத்து அலுவலகத்தில் கண்ணாடித் தொட்டி ஒன்று வைத்தார்கள். உள்ளே பச்சைப் பசேலென்று செடிகள். சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடப் போன கமலா அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாள். "என்னா டீச்சர், லயத்துல வைக்கிற சாமானா இது?" என்று சிரித்தாராம் கிளாக்கர். "மீனுக்கு லயமும் தெரியாது, பங்களாவும் தெரியாதுங்க. தண்ணிதான் தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்தவள், அந்த மாதமே கண்ணாடி வெட்டுகிறவரிடம் சொல்லி ஒரு தொட்டி செய்வித்தாள். அடியில் சலித்த மண். அதன்மேல் இரத்தினக்கல் தோண்டும் குழியில் கழுவிக் கழித்துப் போட்ட பொடிக்கல். அவிசாவளை வீதியில் செடி விற்கும் கடையில் வாங்கிய நீர்ப்பூண்டுகள். "நம்ம ஓடையில கெடக்குற பூண்டையே போத்தல்ல போட்டு நமக்கு விக்கிறான் பாரு" என்று திட்டிக்கொண்டேதான் நட்டாள்.

செடிகள் எழும்பவில்லை. இலைகள் மஞ்சளித்து, பாசி பிடித்து, தொட்டி குளத்துக் கரை மாதிரி ஆனது. மண் இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, பிறகு என்ன குறை? கைபேசியில் தேடித் தேடிக் கடைசியில் கண்டுபிடித்தாள். தண்ணீருக்குள் இருக்கும் செடிக்கு, நாம் மூச்சாக வெளியே விடும் காபனீரொட்சைட்டு போதவில்லை. அதைச் சிலிண்டரில் வாங்க நம்மால் முடியாது. ஆனால் ஒரு சோடாப் போத்தலில் இளஞ்சூட்டுத் தண்ணீர், சீனி, ஒரு சிட்டிகை ஈஸ்ட் போட்டு இறுக்கி மூடினால் வாயு தானாக வரும். மூடியில் துளையிட்டுக் குழாய் செருகினாள். குழாய் நான் கொடுத்தது. காலாவதியாகிப் பிரிக்காமல் கிடந்த சேலைன் குழாய். அதன் நுனியில் ஒரு பிரம்புத் துண்டைச் செருகித் தண்ணீருக்குள் இறக்கினாள். பிரம்பின் துளைகள் வழியே குமிழிகள் ரவை மாதிரி பொடிப்பொடியாக வந்தன. முதல் வாரம் இரவிலும் குழாயை எடுக்காமல் விட்டுவிட்டாள். விடியும்போது மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. வெளிச்சம் இல்லாத நேரத்தில் செடி அந்த வாயுவைத் தொடாது என்பதை அன்று படித்துக்கொண்டாள். அதற்குப்பின் பொழுது சாய்ந்ததும் குழாயை வெளியே எடுப்பது மாணிக்கத்தின் வேலை. ஒரு மாதத்தில் அந்தச் செடிகள் வளர்ந்த வளர்த்தியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சீனியும் ஈஸ்ட்டும் சேர்ந்தால் என்ன வாசம் வரும் என்று நம் தோட்டத்து ஆட்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர்கள் பீப்பாவில் ஊறப்போடும் கோடாவும் அதே சரக்குத்தான். கமலாவின் அண்ணன் கசிப்பால் ஈரல் வெந்து செத்தவர். மாதர் சங்கத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு மேல்மலை ரப்பர் காட்டுக்குள் போய், கசிப்புக்காரன் செல்லையாவின் பீப்பாக்களை உருட்டி உடைத்தவளும் அவள்தான். உடைத்த கையோடு அவன் வீட்டு வாசலுக்கே போய், "நான்தான் ஒடைச்சேன். வேற யார்கிட்டயும் போய் நிக்காத" என்று சொல்லிவிட்டு வந்தாள். செல்லையாவும் நேரம் பார்த்திருந்தான். டீச்சர் வீட்டில் கோடா இருக்கிறது என்று பொலிசுக்குச் சொல்லிவிட்டான்.

ஜீப் வந்தது நல்ல பகலில். அன்று அந்த லயத்தில் எனக்குத் தாய்மாரைப் பார்க்கும் வேலை இருந்தது. லயத்து ஆட்கள் முழுக்க வாசலில் கூடிவிட்டார்கள். ஒரு கொஸ்தாப்பல் போத்தலைத் திறந்து மோந்து பார்த்து, "மே கோடா நேத?" என்றான், இது கோடாதானே என்று. சேலைன் குழாயை வேறு தூக்கிக் காட்டினான், வடிக்கிற சாமான் அகப்பட்டுவிட்டதுபோல. நமக்கெல்லாம் சிங்களம் சரளமாக வரும், ஆனால் பொலிஸ் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கமலாவுக்கு ஒட்டவில்லை. தொட்டிக்கு முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காந்து பாருங்க மாத்தயா" என்றாள். போத்தலை மூடிக் குழாயைத் திரும்பத் தண்ணீருக்குள் இறக்கி, பிரம்பிலிருந்து வந்த குமிழிகளைக் காட்டினாள். இலைகளின் மேல் முத்து முத்தாக நின்ற ஒட்சிசனைக் காட்டினாள். சார்ஜன் வயதானவர். தொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வந்த ஜீப் வெறுங்கையோடு போகக்கூடாதே. "சரி, போத்தலைக் கொட்டிவிடு, நாங்கள் போகிறோம்" என்றார்.

கொட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மாணிக்கம் கையெடுத்துக் கும்பிட்டார். "கொட்டிரு டீச்சர். ஒரு போத்தல்தானே. ஒன்னக் கெஞ்சிக் கேக்குறேன்" என்றார். கூடி நின்ற பெண்களும் அதையேதான் சொன்னார்கள்.

கமலா போத்தலை மூடி இறுக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "கொட்டமாட்டேன். கொட்டினா இது கோடான்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும். நாளைக்கு எந்தத் தாய் எங்கிட்ட புள்ளைய விடும்? கேஸ் போடுங்க மாத்தயா, நான் வாறேன்" என்றாள். அதையே சிங்களத்திலும் சொன்னாள், ஒரு சொல் குறையாமல்.

போத்தலும் கையுமாக ஜீப்பில் ஏறினாள். நானும் மாணிக்கமும் முச்சக்கர வண்டியில் பின்னால் போனோம். நிலையத்தில் பொறுப்பதிகாரி போத்தலை மேசைமேல் வைத்துப் பார்த்தார். அடுப்பு எங்கே, வடிசட்டி எங்கே, இதை வடித்தால் ஒரு கோழியாவது மயங்குமா என்று தன் ஆட்களைத்தான் கேட்டார். பிறகு கமலாவிடம், போகலாம் என்றார். அவள் எழும்பவில்லை. "நான் ஜீப்ல வந்ததைத் தோட்டமே பார்த்திச்சு. ஜீப்லயே கொண்டுபோய் விடுங்க. அதையும் பார்க்கட்டும்" என்றாள். அவர் முறைத்தார். அவளும் முறைத்தாள். ஜீப் புறப்பட்டது.

லயத்து வாசலில் இறங்கவில்லை அவள். தோட்டத்து ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் நிறுத்தச் சொன்னாள். பால் நிறுக்கிற நேரம். வாளிகளோடு எல்லோரும் வரிசையில் நின்றார்கள். கிளாக்கரும் நின்றார், செல்லையாவும் நின்றான். போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி, வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து வீட்டுக்குப் போனாள். இவளைத்தான் சாந்தமானவள் என்று பதாகையில் எழுதியிருக்கிறார்கள்.

ஆனாலும் ஊர் வாய் ஒரே நாளில் மூடிவிடுமா? மறுநாள் பிள்ளைக் காம்பரா காலியாக இருந்தது. பெண்கள் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக் கிழவிகளிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள். நலன்புரி அதிகாரி வந்து பக்குவமாகப் பேசினார். சோடா மாவும் எலுமிச்சம் புளியும் கலந்தாலும் இதே வாயு வருமாமே, வாசமும் இருக்காது, அப்படி மாற்றிக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது என்றார். அவர் சொன்னது சரிதான். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. கமலா கேட்டாள், "அது நல்லா வேலை செய்யும்னா முன்னாடியே மாத்தியிருப்பேன் சார். இப்ப மாத்தினா செடிக்காகவா மாத்துறேன்? செல்லையாவுக்காகல்ல மாத்துறேன்." தொட்டியை இழுத்து வாசலைப் பார்த்தாற்போல வைத்தாள், போத்தல் முன்னால் தெரியும்படி. பிள்ளைகள் இல்லாத காம்பராவை நேரத்துக்குத் திறந்தாள், பாயை விரித்தாள், நேரத்துக்கு மூடினாள்.

முதலில் வந்த பிள்ளை யாருடையது தெரியுமா? செல்லையாவின் மகள் தன் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். "எங்கப்பாவப் பத்தி எனக்குத் தெரியாதா டீச்சர்" என்றாளாம். கமலா குழந்தையை வாங்கிக்கொண்டாள். பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். யாரிடமும் அவள் கணக்குத் தீர்க்கவில்லை. "புள்ளைங்க மேல என்னாத்துக்குக் கோவம்? கோவத்தப் பெரியாளுங்க மேலதான் வச்சிக்கணும்" என்பாள். வைத்தும் கொண்டாள்.

சாவு வீட்டுக்கு வருகிறேன். பெட்டியை நடுவில் வைத்திருந்தார்கள். வெளியே ஒலிபெருக்கியில் தலைவர் ஒருவர் அவளுடைய அடக்கத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தார். வீட்டுக்குள் தொட்டி விளக்கு எரிந்தது. போத்தலில் குமிழி குறைந்து வாசம் தூக்கலாக இருந்தது. இரத்தினபுரியிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். "பெரிய மனுஷங்க வந்து போற எடம். இன்னைக்காவது அந்தக் கருமத்தக் கொட்டிருங்கப்பா" என்றார்.

பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மாணிக்கம் எழும்பினார். அந்த மனிதர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. ஜீப்புக்கு முன்னால் கும்பிட்டு நின்றவர் அவர். இப்போது போத்தலை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "கொட்டமாட்டேன். வேணும்னா பொலிசக் கூப்பிடுங்க" என்றார். நான் அப்போதுதான் வாய்விட்டு அழுதேன்.

பிரேதம் புறப்பட்டதும் ஆண்கள் பின்னால் போய்விட்டார்கள். வீடு கழுவப் பெண்கள் நின்றோம். சாவு வீட்டு வாசம் போகத் தரையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். நான் அடுப்பில் தண்ணீர் வைத்தேன். போத்தலின் பழைய நீரில் கொஞ்சம் மிச்சம் வைத்து, சீனி போட்டேன், இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றினேன், ஒரு சிட்டிகை ஈஸ்ட் போட்டு மூடினேன். அவளுடைய சேலையோ படமோ எதுவும் நான் எடுத்துவரவில்லை. செய்யாத குற்றத்துக்காக எதையும் கொட்டாமல் இருக்கிற அந்தப் பிடிவாதத்தைத்தான் எடுத்துக்கொண்டேன், அவளைக் கேட்காமலே. வாசம் எழும்பத் தொடங்கியபோது ஒருத்தி கதவைச் சாத்தப் போனாள். நான் விடவில்லை.