அம்மாக்கண்ணு நம்பர் சொல்லாத நாள்

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு பெண் தன் பெயரைச் சொல்வதைவிட நம்பரைச் சொல்வதுதான் அதிகம். வேலைக்குப் பேர் பதிந்த நாளிலிருந்தே அது அவளோடு ஒட்டிக்கொள்ளும். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசுக்கு முன்னால் நின்று நம்பரைச் சொன்னால்தான் பறித்த கொழுந்து அவள் கணக்கில் ஏறும். அதனால் யார் "நம்பர்?" என்று கேட்டாலும் புத்தி யோசிக்கும் முன்னே நாக்கு முந்திக்கொள்ளும்.

அம்மாக்கண்ணு முப்பது வருஷத்துக்கும் மேலாக அப்படிச் சொல்லி வந்தவள். வாயாடி என்று பேரெடுத்தவளும்கூட. மேல் வரிசை லயத்து வீட்டில் அவள் சிரித்தால் கீழ் லயத்தில் கேட்கும். புருஷன் போன பிறகு தனியாகவே இரண்டு பிள்ளைகளைக் கரை சேர்த்தாள். சின்ன மகளின் கல்யாணத்துக்குத் தோட்டை அடகு வைத்தபோதும் அழவில்லை. காது ஓட்டையில் ஈர்க்குச்சியைச் சொருகிக்கொண்டு, "திருவிழாவுக்குத் தோட்டோட நிப்பேன், பாருங்கடி" என்று சவால்விட்டுத் திரிந்தாள். ஒரே அறை கொண்ட பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த சுலக்ஷனாவுக்கு அவளிடம் பிரியம் உண்டு, கொஞ்சம் பயமும் உண்டு.

அன்றைக்கு மலையேறும்போது சுலக்ஷனாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவள் காம்பராவின் கூரைத் தகரத்தைப் போன மழையின் காற்று பிய்த்துக்கொண்டு போயிருந்தது. பொலித்தீன் போட்டு மூடிய கூரைக்குக் கீழே அவள் பிள்ளை ராத்திரி முழுக்க இழுத்து இழுத்து மூச்சுவிட்டது. புதுத் தகரம் வாங்க, கொழும்பில் கடையில் நிற்கும் புருஷன் அனுப்பியதை எல்லாம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி பேங்கில் சேர்த்து வைத்திருந்தாள். காலையில் ஒருத்தன் போன் எடுத்தான். நம்ம பக்கத்துப் பேச்சு. தோட்டத்து டிவிஷன் பேரைக்கூடச் சரியாகச் சொன்னான்.

"அக்கா, கூரை போனவங்களுக்கு நிவாரணம் வந்திருக்கு. பேங்க் கணக்கு நம்பரச் சொல்லுங்க."

சொன்னாள்.

"மத்தியானம் மறுபடி எடுக்குறேன். போனுக்கு ஒரு நம்பர் வரும். அத மட்டும் சொன்னாப் போதும். யாருகிட்டயும் மூச்சு விட்றாதீங்க, கொஞ்சப் பேருக்குத்தான் இருக்கு."

மூச்சு விடவில்லை. இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்குச் சாக்குக்குள் போனைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, எப்போது மத்தியானம் வரும் என்று கொழுந்து பறித்தாள்.

மடுவத்தில் வழக்கமான இரைச்சல். இரண்டு நாளாகக் காய்ச்சல் என்று வேலைக்கு வராத அம்மாக்கண்ணு அன்றைக்கு வரிசையில் முதல் ஆளாக நின்றாள். கணக்கப்பிள்ளை சுதாகரன் தலை நிமிராமலே கேட்டார்.

"நம்பர்?"

பதில் இல்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னங்கக்கா, நம்பர் மறந்து போச்சா?"

"மறக்கலைங்கய்யா. இன்னைக்குக் கேட்டவொடன சொல்ல மாட்டேன்." அவள் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்குக் காய்ச்சலும் இல்ல, ஒண்ணுமில்ல. முந்தாநேத்து ஒருத்தன் போன் எடுத்தான். நிவாரணம்னான். வாய் நிறையப் பெரியம்மான்னு கூப்பிட்டான். போனுக்கு வந்த நம்பரச் சொல்லுங்கன்னான். தராசுக்கு முன்னால நிக்கிற மாதிரியே கடகடன்னு சொல்லிப்புட்டேன். தோடு மீட்க வச்சிருந்த காசு அம்புட்டும் போச்சு."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"சிரிங்கடி. நல்லாச் சிரிங்க. சிரிச்சாத்தான் மறக்க மாட்டீங்க." அவள் குரல் ஒரு இடத்தில் மட்டும் உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டாள். "நேத்து பேங்குக்குப் போனேன். கணக்கப் பூட்டிட்டாங்க. பொலிசுலயும் தெரிஞ்ச சிங்களத்துல சொல்லி முறைப்பாடு குடுத்துட்டு வந்திருக்கேன். போனது வருமான்னு தெரியல. ஆனா அந்த நம்பரு காம்பராச் சாவிங்க. பேங்குக்காரங்களே கேட்டாலும் குடுக்கக் கூடாதாம். யாருக்கும் சொல்லாதீங்கன்னு அந்த மெசேஜ்லயே இங்கிலீசுல போட்டிருக்காம். அது நமக்கு எங்க தெரியுது?"

சுலக்ஷனாவின் கை தானாகப் படங்குக்குள் இருந்த போனைத் தொட்டது. தான் தப்பித்தோம் என்பதுகூட முதலில் தோன்றவில்லை. இவளுக்கு எப்படி முடிந்தது என்றுதான் தோன்றியது. தானாக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு வெட்கத்தில் செத்திருப்பாள். புருஷனிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டாள். இவளோ ஊரே கூடி நிற்கும் இடத்தில், நாளைக்குத் தெருவெல்லாம் கேலி பேசும் என்று தெரிந்தும், தன் மானத்தைத் தானே தராசில் வைத்துவிட்டு நிற்கிறாள். மலையைப் பார்ப்பதுபோல அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள் சுலக்ஷனா.

அப்போதுதான் படங்குக்குள் போன் அடித்தது.

எடுத்துப் பார்த்தாள். காலையில் வந்த அதே ஆள். அதற்கு மேலே, இப்போதுதான் வந்த மெசேஜில் ஒரு நம்பர். அவள் முகத்தைப் பார்த்ததுமே அம்மாக்கண்ணுவுக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் வந்து நின்றாள். சுலக்ஷனா எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, நம்பர் வந்திருக்கும். சட்டுனு சொல்லுங்க."

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதுதான் பழக்கம். சுலக்ஷனா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அக்கா? கேக்குதுங்களா? நம்பரச் சொல்லுங்க."

மழையடித்தால்கூட வாய் மூடாத மடுவம் அது. அன்றைக்கு அத்தனை பெண்களும் கூடையோடு அப்படியே நின்றார்கள். ஒருத்திகூட இருமவில்லை. சுதாகரன் பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு போனையே பார்த்தார்.

"நம்பருக்கா... நம்பர்..."

அம்மாக்கண்ணு குனிந்து போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனாள். "பெரியம்மா பேசுறேன்பா. என் தோட்ட எப்பத் தருவ?"

போன் கட்டாகிவிட்டது. மடுவம் வெடித்துச் சிரித்தது. சுலக்ஷனாவுக்கு மட்டும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"கணக்கு நம்பரக் காலையிலயே குடுத்துட்டேங்கக்கா," என்றாள்.

"பரவாயில்ல. கொழுந்தப் போட்டுட்டு நேரா பேங்குக்குப் போவோம். நானும் வாரேன். கவுண்டரு இப்ப எனக்குப் பழக்கம்." அப்படிச் சொல்லிவிட்டு அம்மாக்கண்ணு தராசுப் பக்கம் திரும்பி, தன் நம்பரைக் கணீரென்று சொன்னாள்.

அடுத்தது சுலக்ஷனாவின் முறை. கூடையை இறக்கினாள்.

"நம்பர்?" என்றார் சுதாகரன்.

அவள் வாய் திறக்கவில்லை. அம்மாக்கண்ணுவைத் திரும்பிப் பார்த்தாள். ஈர்க்குச்சி சொருகிய காதோடு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லு புள்ள. இவரு நம்ம ஆளுதான்."