கரைந்தது எங்கே போகும்?

துணி கைக்கு வந்ததும் சொட்டு அக்கா கறையின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைப்பார். கொடுத்தவர் கறை வந்த கதையைச் சொல்லிக்கொண்டே இருப்பார். அதெல்லாம் அக்கா காதில் ஏறாது. சொட்டு உள்ளே இறங்கினால் காப்பி, பழச்சாறு வகையறா. உருண்டு திரண்டு நின்றால் எண்ணெய்ச் சமாசாரம். "தண்ணி இதைச் சேர்த்துக்காது" என்று வேறு பாட்டிலைத் தேடிப் போவார். சலவைக் கடையில் பதினோரு வருஷமாக இதுதான் வேலை. பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான்.

அக்காவின் வீட்டுக்காரர் வேதியியல் வாத்தியார். தண்ணீர் மூலக்கூறில் ஒரு முனை லேசான நேர்மின், மறுமுனை எதிர்மின். அதனால் தன்னைப்போல் முனையுள்ளவற்றோடுதான் அது ஒட்டும். எண்ணெய்க்கு அந்த முனைகள் இல்லை. சோற்றில் கை வைத்ததும் இதை ஆரம்பித்துவிடுவார். அக்கா கேட்டுக்கொள்வார். வகுப்பில்தான் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள்.

வாத்தியாருக்குத் தற்காலிக வேலை. போன வாரம் ஒருநாள் மதியம் மூன்று மணிக்கு அதிகாரிகள் முன்னால் இதே பாடத்தை நடத்தவேண்டியிருந்தது. தேறினால் வேலை நிரந்தரம். ஏற்கெனவே இரண்டு முறை கோட்டைவிட்ட மனிதர். ஒரு மணிக்குக் கடைக்குள் ஓடிவந்தார். சட்டைப் பையில் பேனா கசிந்திருக்கிறது. பால்பாயின்ட் மையை ஸ்பிரிட்தான் கரைக்கும் என்று சரியாகவே கணக்குப் போட்டு, போட்டிருந்த சட்டையிலேயே ஊற்றிவிட்டு வந்திருக்கிறார். பொட்டளவு மை தட்டளவு பரவி பனியனையும் பிடித்துவிட்டது.

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டார். வேலை போய்விடுமோ என்ற பதைப்பு அக்காவுக்கும் இல்லாமலா?

"படிச்சதெல்லாம் சரிதாங்க. கரைஞ்சது எங்க போகும்னு யோசிச்சீங்களா?"

சட்டையைக் கழற்றி வாங்கிக் குப்புறப் போட்டார். அடியில் பழந்துணி. பின்பக்கமிருந்து ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒற்ற ஒற்ற, மை கரைந்து பழந்துணிக்கு இடம் மாறியது. துணியை நகர்த்தி நகர்த்தி ஒற்றினார். வாத்தியார் பனியனோடு நின்று வாயைப் பிளந்து பார்த்தார்.

"நாலு வருஷமா இதைப் படம் போட்டே அறுத்திருக்கேன். ஒருநாள்கூடக் கண்ணுல காட்டலியே."

அக்கா சட்டையை அலசி, இஸ்திரி போட்டு மாட்டிவிட்டார். மணி இரண்டே கால். ஸ்பிரிட் பாட்டிலையும் பஞ்சையும் வாத்தியாரின் கைப்பையில் வைத்தார். பிறகு தன்னுடைய புது வெள்ளைக் கைக்குட்டையை மேசையில் விரித்து, அந்தக் கசிகிற பேனாவைக் கேட்டு வாங்கி, நட்டநடுவில் தன் கையாலேயே அழுத்தி ஒரு கோடு இழுத்தார்.